சாட்சி சொல்லக் கூடாதவர்கள்

1832ஆம் வருஷம் அக்டோபர் மாதம். அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலம். அப்போது அதற்குத் தலைநகரம் மில்லெட்ஜ்வில் என்கிற ஊர். அங்கே சுற்றுகிற மாதிரி செய்த இரண்டு பீப்பாய்களை வைத்துக் குலுக்கல் நடத்தினார்கள். ஒரு பீப்பாயில் ஆட்களின் பேர் எழுதிய சீட்டு. இன்னொன்றில் நிலத்தின் எண் எழுதிய சீட்டு. இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று என்று எடுப்பார்கள். எந்தப் பேரோடு எந்த எண் வந்து விழுகிறதோ அந்த நிலம் அந்த ஆளுக்கு. விவசாய நிலம் என்றால் 160 ஏக்கர். தங்கம் கிடைக்கும் என்று நம்பிய பகுதி என்றால் 40 ஏக்கர். நிலத்துக்கு விலை கிடையாது. பத்திரம் வாங்க ஒரு சின்னக் கட்டணம், அவ்வளவுதான்.

யார் பேரைப் போடலாம்? 18 வயதாகி, மூன்று வருஷமாக ஜார்ஜியாவில் குடியிருக்கிற வெள்ளை ஆண் ஒரு சீட்டுப் போடலாம். பெண்டாட்டியோ வயசு வராத பிள்ளையோ இருந்தால் இரண்டு சீட்டு. விதவைகளுக்கு உண்டு. தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு உண்டு. இங்கிலாந்தை எதிர்த்த சுதந்திரப் போரில் சண்டை போட்ட கிழவர்களுக்குக் கூடுதலாக உண்டு. சட்டத்தைப் படிக்கிறபோது 'அடடா, ஏழை பாழைகளை நினைத்துத்தானே செய்திருக்கிறார்கள்' என்றுகூடத் தோன்றும். நூறு அடிமை வைத்திருந்த பருத்திப் பண்ணைக்காரனுக்கு எத்தனை சீட்டோ அத்தனைதான் ஓட்டைக் குடிசையில் இருந்த வெள்ளைக் குடியானவனுக்கும்.

ஒரே ஒரு சங்கதிதான். அந்த நிலத்தில் ஏற்கெனவே சனங்கள் குடியிருந்தார்கள். அவர்கள் செரோக்கிகள். வீடு, மக்காச்சோளக் காடு, பீச் மரம், ஆப்பிள் மரம், பன்றி, மாடு, செத்தவர்களைப் புதைத்த இடம் எல்லாம் அங்கேதான் இருந்தன. சீட்டு எடுத்தபோது அவர்கள் ஊரைக் காலி செய்திருக்கவில்லை. குலுக்கலுக்கு முன்னாலேயே சர்வேக்காரர்கள் 66 அடிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் காட்டுக்குள்ளேயே நடந்து அளந்து, மரத்தில் அடையாளம் வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நம்ம ஊர்ப் பக்கம் 'லிங்க்ஸ்' என்று பேசுகிறோமே, அதே சங்கிலிக் கணக்குதான்.

அதே மில்லெட்ஜ்வில் ஊரில், பீப்பாய் சுற்றிய அதே நாட்களில், மாநிலச் சிறையில் இரண்டு பாதிரிகள் கைதிகளாக இருந்தார்கள். ஒருவர் சாமுவேல் வூஸ்டர். இன்னொருவர் எலைசர் பட்லர். நான்கு வருஷம் கடுங்காவல். செய்த குற்றம், ஜார்ஜியாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காமல், அனுமதிச் சீட்டு வாங்காமல் செரோக்கிகளோடு குடியிருந்தது.

இந்த வூஸ்டர் பேர்தான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்துக்கொண்டு போனது. எங்க அம்மாச்சி மதுரைப் பக்கத்து அமெரிக்கன் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் அஞ்சாப்பு வரை படித்தது. எங்க தெருவில் அந்த வயசுப் பொம்பளைகளில் கையெழுத்துப் போடத் தெரிந்தது அது ஒன்றுதான். ரேசன் கடையில் பெருவிரலை மையில் அமுக்கச் சொன்னால் பேனாவைக் கேட்டு வாங்கிப் பேரை எழுதிவிட்டுத்தான் நகரும். "எழுத்துக் குடுத்தவன் வெள்ளக்காரன்தான் தாயி, உள்ளூர்க்காரன் இல்ல" என்று சொல்லும். எம்.ஏ. தமிழ் படிக்கிறபோது யாழ்ப்பாணத்து 'உதயதாரகை' பத்திரிகை பற்றி ஒரு கட்டுரைக்காகத் தேடினேன். 1841இல் தமிழிலும் இங்கிலீஷிலுமாக வந்த பத்திரிகை அது. அதை நடத்திய மிஷனின் தலைமைச் சங்கம் எது என்று பார்த்தால், பாஸ்டன் நகரத்தில் இருந்த அமெரிக்கன் போர்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்தவர்கள், 1834இல் மதுரைக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தச் சங்கம் அனுப்பிய ஆட்கள்தான். 1817இல் செரோக்கிகளிடம் போனதும் அதே சங்கம். பாஸ்டனில் உட்கார்ந்து அவர்கள் போட்ட ஒரே மாதப் பத்திரிகையில் செரோக்கி நாட்டுக் கடிதமும் வரும், யாழ்ப்பாணக் கடிதமும் வரும், பிற்பாடு மதுரைக் கடிதமும் வரும்.

அம்மாச்சிக்கு எழுத்துக் கொடுத்த சங்கம் எழுத்துக் கொடுத்த இன்னொரு சனத்துக்கு என்ன ஆச்சு? அதைத் தெரிந்துகொள்ளத்தான் படித்தேன்.

ஒரு திருத்தம் முதலில். செரோக்கிகளுக்கு எழுத்தை எந்த மிஷனும் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அவர்களே செய்துகொண்டார்கள். செக்வோயா என்கிற வெள்ளி வேலைக்காரர், இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர், பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு 1821 வாக்கில் தன் பாஷைக்கு எண்பத்துச் சொச்சம் எழுத்துகளை உருவாக்கினார். நம்ம உயிர்மெய் மாதிரி, ஓர் ஒலிக்கூட்டுக்கு ஓர் எழுத்து. கொஞ்ச வருஷத்தில் பெண்களும் பிள்ளைகளும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்தே படித்துவிட்டார்கள். 1828 பிப்ரவரியில் நியூ எக்கோட்டா என்ற அவர்களுடைய தலைநகரத்திலிருந்து 'செரோக்கி பீனிக்ஸ்' என்ற பத்திரிகை வந்தது. செரோக்கியிலும் இங்கிலீஷிலுமாக வந்தது. அச்செழுத்து வார்க்கப்பட்டது பாஸ்டனில். அதற்கு ஏற்பாடு செய்ய உதவியது அந்தச் சங்கம். பத்திரிகை செரோக்கி தேசத்துக்குச் சொந்தம்.

அவர்களுடைய கிராம வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செரோக்கிகளிடத்தில் காடு பெண்களுடையது. விதைப்பதும் களை எடுப்பதும் அறுப்பதும் பெண்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே குவியலில் நடுவார்கள். சோளத்தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும். பூசணி இலை படர்ந்து நிலம் காயாமல் பார்த்துக்கொள்ளும். ஏழு குலங்கள். பிள்ளை தாயின் குலம். கட்டியவன்தான் பெண்டாட்டி வீட்டுக்குப் போவான். நிலம் யாருக்கும் தனிச்சொத்து கிடையாது. உழைத்து ஆக்கிய வீடும் வேலியும் பயிரும் மரமும் உழைத்தவர்களுக்கு. அந்த மண்ணை விற்க ஒரு தனி ஆளுக்கு உரிமை இல்லை.

இதைத்தான் 'காட்டுமிராண்டித்தனம்' என்றார்கள். 1791இல் போட்ட ஓர் ஒப்பந்தத்திலேயே செரோக்கிகளை வேட்டையிலிருந்து விவசாயத்துக்குத் திருப்ப விவசாயக் கருவிகள் தருவதாக அமெரிக்க அரசு எழுதியது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்துகொண்டிருந்தது அரசாங்கத்தின் கண்ணுக்கு விவசாயமாகத் தெரியவில்லை. ஆம்பளை ஏர் பிடிக்கணும், பொம்பளை வீட்டுக்குள் உட்கார்ந்து ராட்டை சுத்தணும். அப்போதுதான் நாகரிகம். செரோக்கிகள் அதையும் செய்தார்கள். கலப்பை வந்தது. ராட்டையும் தறியும் வந்தன. பள்ளிக்கூடம் வந்தது. 1827இல் அமெரிக்காவினுடையதைப் போலவே ஓர் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டார்கள். அதில் ஓட்டு ஆண்களுக்கு மட்டும். அதுவரை ஊர்க்கூட்டத்தில் பேசிய பெண்கள் அந்தச் சட்டத்தில் காணாமல் போனார்கள். இத்தனைக்கும் 1817இலேயே, இனி ஒரு துண்டு நிலத்தையும் கொடுக்காதீர்கள் என்று சபைக்கு மனுக் கொடுத்தவர்கள் பெண்கள். நான்யேஹி என்கிற கிழவி முன்னின்று கொடுத்த மனு அது.

அக்கம்பக்கத்து வெள்ளைக் கிராமங்களும் பெரிய மாளிகைகள் அல்ல. ஜார்ஜியாவின் வடபகுதியில் பாதிப் பேர் மரக்கட்டை வீட்டில் இருந்தவர்கள். அவர்களுக்கும் சோளம்தான் சாப்பாடு. பன்றியைக் காதில் அடையாளம் வெட்டிக் காட்டில் மேய விடுவார்கள். 1793இல் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற இயந்திரம் வந்த பிறகு எல்லாம் மாறியது. அதுவும் ஜார்ஜியாவிலேயே செய்யப்பட்டதுதான். பருத்தி போடப் போட மண் சத்துப் போய் மழையில் கரைந்து ஓடியது. பழைய காட்டை விட்டுவிட்டுப் புதுக் காடு தேடினார்கள். புதுக் காடு என்றால் பழங்குடிகளின் காடு. 1805 முதல் 1833 வரை ஜார்ஜியா எட்டு முறை இப்படிக் குலுக்கல் போட்டது. மஸ்கோகி சனங்களின் நிலம் முதலில் போனது. 1802இலேயே மத்திய அரசாங்கம் ஜார்ஜியாவிடம் அதன் மேற்குப் பகுதியை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு மாநிலத்துக்குள் பழங்குடிகளின் நில உரிமையை இல்லாமல் ஆக்கித் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. செரோக்கிகள் ஏர் பிடிக்கக் கற்றாலும் கற்காவிட்டாலும் முடிவு முன்னாடியே எழுதியாகிவிட்டது.

படித்தால் மதிப்பார்களா? இதற்கும் ஒரு கதை இருக்கிறது. 'பீனிக்ஸ்' ஆசிரியர் எலையஸ் பூடினோ. செரோக்கிப் பையன். பிறந்தபோது வைத்த பேர் வேறு. கனெக்டிகட் மாநிலத்துக் கார்ன்வால் ஊரில் அமெரிக்கன் போர்டு நடத்திய மிஷன் பள்ளிக்குப் படிக்கப் போகிறபோது அமெரிக்க வேதாகமச் சங்கத்தின் தலைவராக இருந்த ஒரு பெரிய மனிதரின் பேரைத் தனக்கு வைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளிலும் உபகாரம் செய்த அமெரிக்கர்களின் பேரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். கறோல் விசுவநாதபிள்ளை என்ற பேரைத் தமிழ் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பூடினோ நன்றாகப் படித்தார். பைபிள் படித்தார். பிறகு அந்த ஊரிலேயே ஹேரியட் கோல்ட் என்ற வெள்ளைக்காரப் பெண்ணும் அவரும் கலியாணம் செய்துகொள்வதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். 1825இல் ஊர்ச் சனங்கள் இருவரின் கொடும்பாவியையும் செய்து கொளுத்தினார்கள். தீ வைத்தது பெண்ணின் கூடப் பிறந்த அண்ணன். ஏற்கெனவே 1824இல் ஜான் ரிட்ஜ் என்ற இன்னொரு செரோக்கி மாணவர் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டியதிலேயே ஊர் கொதித்துப்போயிருந்தது. 1826இல் பூடினோ கலியாணம் நடந்தது. அதே வருஷம் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடினார்கள்.

கோயிலில் பக்கத்தில் உட்காரு, பைபிளைப் படி, எங்க பாட்டைப் பாடு. எங்க வீட்டுப் பொண்ணை மட்டும் கேக்காதே. கார்ன்வால் ஜார்ஜியாவில் இல்லை. அடிமை முறையை எதிர்த்துப் பேசுகிறவர்கள் நிறைந்த வடக்கே இருக்கிறது. இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஜார்ஜியாவின் சட்டத்துக்கு வருகிறேன். 1829 டிசம்பரில் நிறைவேற்றி 1830 ஜூன் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். செரோக்கிகளின் சட்டங்கள் எதுவும் செல்லாது. அவர்கள் நிலம் முழுக்க ஜார்ஜியாவின் சட்டத்துக்குக் கீழே வரும் என்றது அது. அதிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. வெள்ளைக்காரர் ஒரு தரப்பாக இருக்கிற எந்த வழக்கிலும் 'இந்தியர்' யாரும் சாட்சியாக நிற்கத் தகுதி இல்லாதவர். செரோக்கி நிலத்துக்குள்ளேயே குடியிருக்கிற வெள்ளைக்காரருடைய வழக்கு என்றால் மட்டும் விலக்கு.

இந்த ஒரு பிரிவு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி வெளியூர் வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்து உன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறான். நீ பார்த்தாய். உன் பெண்டாட்டி பார்த்தாள். ஊரே பார்த்தது. கோர்ட்டில் யாரும் பார்க்கவில்லை. உன்னை அடித்து வீட்டை விட்டுத் துரத்துகிறான். காயம் இருக்கிறது, சாட்சி இல்லை. அவன் உன் மேலே பொய் வழக்குப் போட்டால் அவன் சாட்சி செல்லும், உன் சாட்சி செல்லாது. சட்டம் யாரையும் 'திருடு' என்று சொல்லவில்லை. திருட்டுக்கொடுத்தவன் வாயை மட்டும் கட்டிவிட்டது. 1829இல் அந்த மலையில் தங்கம் கண்டுபிடித்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் தங்கவெறியர்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் இந்தச் சட்டம்.

உண்மை அறியும் குழுக்களோடு போய், பாதிக்கப்பட்டவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிற வேலையைப் பத்து வருஷத்துக்கு மேலாகச் செய்கிறேன். ஒரு ஊரில் நாற்பது பேர் நின்று நடந்ததைச் சொன்ன பிறகும், விசாரிக்க வந்த அதிகாரி தன் அறிக்கையில் 'பொதுவான சாட்சிகள் யாரும் இல்லை' என்று எழுதினார். பொதுவான சாட்சி என்றால் நம்ம தெரு ஆள் இல்லை என்று அர்த்தம். நம்ம நாட்டுச் சட்டப் புத்தகத்தில் அப்படி எழுதவில்லை. ஜார்ஜியாவில் வெட்கமில்லாமல் எழுதியே வைத்திருந்தார்கள். அதனால்தான் அந்தப் பிரிவைப் படித்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். நிலத்தைப் பறிக்கிறவன் முதலில் பறிப்பது எதை என்பது அங்கே பச்சையாக இருக்கிறது.

1830இல் டாசல் என்ற செரோக்கி மனிதரை, செரோக்கி நிலத்தில் நடந்த ஒரு கொலைக்காக, ஜார்ஜியா கோர்ட் விசாரித்துத் தூக்குத் தண்டனை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் ஜார்ஜியாவுக்கு ஆணை அனுப்பியது. ஆணை வந்து சேர்ந்த பிறகும் அவசர அவசரமாகத் தூக்கில் போட்டார்கள். 1832 மார்ச்சில் வூஸ்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய தீர்ப்பு. செரோக்கிகள் தனித் தேசம், அவர்கள் நிலத்துக்குள் ஜார்ஜியாவின் சட்டத்துக்கு வலுவில்லை என்றது. செரோக்கிகள் ஜெயித்துவிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டில், எழுத்துமூலமாக, தெளிவாக ஜெயித்துவிட்டார்கள்.

ஏழு மாதம் கழித்துப் பீப்பாய் சுற்றியது. வழக்கில் ஜெயித்த வூஸ்டர் அப்போதும் ஜெயிலில்தான் இருந்தார். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் செரோக்கிகளைக் காப்பாற்ற ஒரு விரலையும் அசைக்கவில்லை. 1830 மே மாதம் பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கீழ்ச்சபையில் அந்தச் சட்டம் 102க்கு 97 என்றுதான் தேறியது. அந்த 97ஐயும் நாம் மறக்கக் கூடாது. அமெரிக்கன் போர்டின் செயலாளர் ஜெரமையா எவர்ட்ஸ் அந்தச் சட்டத்தை எதிர்த்து வரிசையாகக் கட்டுரை எழுதினார். 1831இல் செத்துப்போனார். அவர் போன பிறகு, 1832 கடைசியில், வழக்கை மேலே கொண்டுபோக வேண்டாம் என்று சங்கம் தன் பாதிரிகளுக்கு ஆலோசனை சொன்னது. 1833 ஜனவரியில் இருவரும் விடுதலையானார்கள். அதற்கு அடுத்த வருஷம் சங்கம் மதுரைக்கு வந்தது. அம்மாச்சியின் நன்றி எனக்குப் புரிகிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சங்கம் எந்த இடம் வரை நம்மோடு வரும் என்பது அது மதுரைக்கு வருவதற்கு முன்னாலேயே தெரிந்துபோன சங்கதி.

சீட்டு விழுந்தவரை ஜார்ஜியாவின் பதிவேடுகளில் 'அதிர்ஷ்டக்காரர்' என்றே குறித்தார்கள். அந்தச் சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாளை எடுத்துக்கொண்டு போய்ப் பிடுங்கினால் பிடுங்கியவன் திருடன். சீட்டில் விழுந்தால்? சாமி கொடுத்தது. பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயத் துண்டுகள், சுமார் முப்பத்தைந்தாயிரம் தங்கத் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர். சீட்டு விழாதவனும் அடுத்த முறை விழும் என்று காத்திருந்தவன்தான். ஆக, மாநிலத்தில் ஒரு வெள்ளை வீடு பாக்கியில்லாமல் கொள்ளையில் பங்காளி ஆகிவிட்டது. அதன் பிறகு இது அநியாயம் என்று யார் பேசுவார்கள்? ஏழைக் குடியானவனுக்குப் பண்ணையார் மேல் இருக்க வேண்டிய கோபத்தை ஒரு சீட்டு வாங்கிக்கொண்டது. நிறையப் பேர் கிடைத்த துண்டைக் குறைந்த விலைக்கு நில வியாபாரிகளிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அடிமை உழைப்பில் விளைந்த பருத்தி அங்கேயும் வந்து சேர்ந்தது. நமக்கு மேலே இருக்கிறவன் 'தலையெழுத்து' என்று சொல்லி நம்மை உட்கார வைத்தான். ஜார்ஜியாக்காரன் 'அதிர்ஷ்டம்' என்று சொல்லித் தன் சனத்தை எழுப்பி விட்டான். இரண்டிலும் எழுதிய கை மட்டும் தெரியாது.

செரோக்கிகளின் தலைவர் ஜான் ராஸ் 1835இல் வாஷிங்டன் போய்ப் பேசிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் சீட்டு விழுந்த ஆள் குடியிருந்தான். பணக்காரர், தலைவர், இங்கிலீஷ் பேசுகிறவர். அவர் கதியே அதுதான். எல்லை தாண்டி டென்னசியில் ஒரு கட்டை வீட்டுக்குப் போய்க் குடியிருந்தார். அதே வருஷம் 'பீனிக்ஸ்' அச்சு இயந்திரத்தை ஜார்ஜியா காவல்படை எடுத்துக்கொண்டு போனது. வாயை இரண்டாம் முறையும் கட்டினார்கள்.

1835 டிசம்பர் 29. நியூ எக்கோட்டாவில் பூடினோவின் வீட்டில் இருபது பேர் அளவில் கையெழுத்துப் போட்டு, கிழக்கே இருந்த செரோக்கி நிலம் முழுவதையும் 50 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கொடும்பாவி கொளுத்தப்பட்ட அதே பூடினோ, அதே ரிட்ஜ் குடும்பம். இனிமேல் இங்கே உயிரோடு இருக்க முடியாது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். சனங்கள் அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுக்கவில்லை. சுமார் 16,500 பேர் இருந்த தேசத்தில் 15,000க்கும் மேற்பட்ட கையெழுத்தோடு எதிர்ப்பு மனு வாஷிங்டனுக்குப் போனது. செனட் சபை தேவைக்கு மேல் ஒரே ஓட்டில் ஒப்பந்தத்தை ஏற்றது. இருபது கையெழுத்துச் செல்லும், பதினைந்தாயிரம் கையெழுத்துச் செல்லாது.

1838 மே மாதக் கடைசியில் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படைகள் ஜார்ஜியாவில் இறங்கின. காட்டில் வேலை செய்தவர்களைக் காட்டிலிருந்தே, சாப்பிட உட்கார்ந்தவர்களைத் தட்டிலிருந்தே துப்பாக்கி முனையில் கூட்டிக்கொண்டு போனார்கள். படைக்குப் பின்னாலேயே வந்த கூட்டம் மாடுகளை ஓட்டியதையும் வீடுகளைச் சூறையாடியதையும் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கட்டைவேலி போட்ட பட்டிகளில் சனங்களை அடைத்தார்கள். மழையில்லாத கோடை. சீதபேதி, அம்மை, கக்குவான். முதலில் சாகிறது குழந்தைகளும் கிழடுகளும். இலையுதிர் காலத்தில் புறப்பட்டு டென்னசி, கென்டக்கி, இல்லினாய், மிசூரி வழியாகக் குளிர்காலம் முழுக்க நடந்தார்கள். மிசிசிப்பி ஆற்றில் பனிப்பாளங்கள் மிதந்ததால் கடக்க முடியாமல் கரையில் கிடந்தார்கள். சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்று பரவலாகச் சொல்கிற கணக்கு, கூடவே போன ஒரு மருத்துவர் சொன்ன மதிப்பீட்டிலிருந்து வந்தது. அந்த மருத்துவர், மில்லெட்ஜ்வில் ஜெயிலில் இருந்த அதே எலைசர் பட்லர். பின்னால் வந்த ஆய்வாளர்கள் கூட்டியும் குறைத்தும் சொல்கிறார்கள். கணக்கே சரியாகத் தெரியாத சாவு என்பதுதான் அதன் லட்சணம்.

1839 ஜூன் 22 அன்று, போய்ச் சேர்ந்த புது இடத்தில், பூடினோவையும் ரிட்ஜ் தகப்பன் மகன் இருவரையும் செரோக்கிகளே கொன்றார்கள். தேசத்தின் அனுமதியில்லாமல் நிலத்தை விற்றவனுக்குச் சாவு என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை 1829இல் எழுதிக் கொடுத்தவர்களில் ஜான் ரிட்ஜும் ஒருவர்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நாம் அப்படி நிறுத்தக் கூடாது. 1835இல் எடுத்த கணக்கெடுப்பில் செரோக்கிகள் 16,542 பேர் என்று எழுதிவிட்டு, கூடவே அடிமைகள் 1,592 பேர் என்றும் எழுதியிருக்கிறார்கள். கறுப்பின மக்கள். நாகரிகத்துக்கு அடையாளமாகக் கலப்பையோடும் ராட்டையோடும் சேர்த்துக் கற்றுக்கொண்டதில் இதுவும் ஒன்று. 1827 அரசியல் சட்டம் கறுப்பர்களுக்கு ஓட்டும் பதவியும் கிடையாது என்றது. ராஸ், ரிட்ஜ், பூடினோவின் சொந்தக்காரர்கள் எல்லாரும் அடிமை வைத்திருந்தவர்கள். மிஷன் சபைகளும் அடிமை வைத்திருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டன. அந்த நடையில் விறகு வெட்டியது யார்? வண்டிக்குப் பாதை சரிசெய்தது யார்? அவர்களும் செத்தார்கள். கண்ணீர்ப் பாதை என்று பேர் வைத்தபோது அவர்கள் கண்ணீரைத் தனியாக யாரும் எண்ணவில்லை.

1866இல் செரோக்கி தேசம் அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்தில் விடுதலையான அடிமைகளுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் முழு உரிமை என்று எழுதினார்கள். 2007இல் ஓட்டெடுப்பு நடத்தி, ரத்த வழியில் செரோக்கி என்று நிரூபிக்க முடியாதவர்களை நீக்கப் பார்த்தார்கள். 2017இல் அமெரிக்க நீதிமன்றம் அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. 2021இல் செரோக்கி தேசத்தின் உச்ச நீதிமன்றமே, 'ரத்த வழி' என்ற சொல்லை அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட உத்தரவு போட்டது. இதற்காக வழக்குப் போட்டு, கூட்டம் போட்டு, தலைமுறை தலைமுறையாகப் பேசியவர்கள் அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு நியாயம் கேட்க முடியாது என்பதை அவர்கள் நடத்திக் காட்டினார்கள். இதை நம்ம தெருக்களுக்குள்ளேயும் ஒருத்தரையொருத்தர் பார்த்துப் பேச வேண்டும்.

செரோக்கிகள் அழிந்துபோனவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓக்லஹோமாவில் டாலக்வா ஊரைத் தலைநகராக வைத்திருக்கும் செரோக்கி தேசத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் இருக்கிறார்கள். வட கரோலினா மலைகளில் நகராமல் தங்கியவர்களின் சந்ததி தனியாக இருக்கிறது. செக்வோயாவின் எழுத்தில் இன்றைக்கும் எழுதுகிறார்கள். ஜார்ஜியா அந்தப் பழைய சட்டங்களை 1962இல் ரத்து செய்தது. 1992இல் வூஸ்டருக்கும் பட்லருக்கும் மன்னிப்பு வழங்கியது. சீட்டில் போன நிலத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. துரத்துவதற்கு முன்னால் 1836 வாக்கில் அரசாங்க ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் செரோக்கிகளின் சொத்தை மதிப்பிட்டு எழுதினார்கள். துரத்திய பிறகு, 1842இலும், இழந்ததற்கு ஈடு கேட்டு சனங்கள் மனு எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அதில் பெரிய பேச்சு எதுவும் கிடையாது. கட்டை வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, வேலி போட்ட காடு எத்தனை ஏக்கர், பீச் மரம் எத்தனை, ஆப்பிள் மரம் எத்தனை, பன்றி, கோழி, இரும்புச் சட்டி, மண்வெட்டி, ராட்டை. கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூடாது என்று சட்டம் போட்ட சனம் தன் சட்டியையும் மரத்தையும் எண்ணி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் காடு வெறுங்காடு, யாரும் உழாத நிலம் என்று ஜார்ஜியா சொன்ன பொய் அந்தப் பீச் மரக் கணக்கில் வந்து உடைகிறது.

ஆகவே அடுத்த முறை எரிந்த தெருவுக்குப் போகிற தோழர்கள், கண்டன வாசகத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் ஆத்தாமார்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, எத்தனை சட்டி, எத்தனை கோழி, வாசலில் நின்றது முருங்கையா வேம்பா என்று கேட்டு, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள்.